நடுவில் ஒரு காற்புள்ளி

திருமதி குவேக் மூன்றாம் முறை அழைத்தபோது
காலை பத்து மணி. எனக்கு அது நடுநிசி.
"ரெண்டு மாசமா ஈப்போவில், மகள் வீட்டில்.
மெயின் வால்வை மூடிட்டுத்தான் போனேன்.
யார் லா என் வீட்டில் குளிக்கிறது?"

கசிவு எச்சரிக்கை அவர் பெயருக்குப் போயிருந்தது:
பிளாக் 21, மூன்றாம் மாடி, வீடு 45.
தினமும் பின்னிரவு இரண்டு நாற்பதுக்கு
அறுபது லிட்டர்.

அன்றிரவு தை செங்கில், ஏழாம் மாடியில்,
கை ஸ்வெட்டருக்குள் ஒளிந்துகொள்ளும் குளிரில்
ஸ்கிரிப்டைத் திறந்தேன்.
எனக்கு முன்னால் அது அருள்மாறனுடையது.
அவர் பெர்த்துக்குப் போய்விட்டார்.
விட்டுச் சென்றது ஒரே ஒரு குறிப்பு:
தற்காலிகம். அப்புறம் சரிசெய்யணும்.
தேதி பார்த்தேன்.
ஒன்பது வருடத் தற்காலிகம்.

ஷெல்லுக்கு மாடி தெரியாது.
நீளம் மட்டுமே அறிந்த பிராணி,
அஞ்சடி மாதிரி நேராகப் போகும்.
பிளாக்குக்குள் மாடி, மாடிக்குள் வீடு,
வீட்டுக்குள் மணி என்று அடுக்கிக் கொடுத்தால்
முழிக்கும்.
அதனால் ஏமாற்றுகிறோம்.
நான்கு எண்களையும் ஒட்டி
ஒரே பெயராக்கி அதன் கையில் கொடுக்கிறோம்.
அதுவும் நம்பி வாங்கி வைத்துக்கொள்கிறது.

அருள்மாறனும் ஒட்டியிருந்தார்,
முதலில் பூஜ்யங்களோடு: 02, 03, 07.
கூட்டலில் 08 வந்ததும் ஷெல் கத்தியிருக்கும்.
முன்னால் பூஜ்யம் நின்றால்
எட்டை அடியாகக் கொண்ட கணக்கென்று நினைத்துக்கொள்ளும்,
அந்தக் கணக்கில் எட்டும் இல்லை ஒன்பதும் இல்லை.
எல்லா பிளாக்கிலும் இரண்டு மாடிகள்
முழுசாகக் காணாமல் போன ஏதோ ஓர் இரவில்
பூஜ்யங்களை உரித்தெறிந்திருக்கிறார்.
நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

2, 13, 45.
21, 3, 45.
ஒட்டிப் பாருங்கள்.
இரண்டும் 21345.
பலகை என்று எழுதியதைப்
பல கை என்று படித்தது போல
ஒரு வீட்டுத் தண்ணீர்
இன்னொரு வீட்டின் பெயரில் ஓடியிருக்கிறது,
ஒன்பது வருடமாக.

உயர்நிலை இரண்டில் உடம்படுமெய் நடத்தியபோது
நான் ஜன்னல் வழியே கூடைப்பந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.
மணி, அடித்தது.
இரண்டு உயிர் முட்டிக்கொள்ளாமல்
நடுவில் ஒரு ய் வந்து நிற்கும்.
அதற்கென்று அர்த்தம் எதுவும் கிடையாது,
நிற்பதுதான் வேலை.
மிஸஸ் லூர்துமேரி, மன்னியுங்கள்.
இருபத்திரண்டு வருடம் தாமதமாக
எனக்கு விடை தெரிகிறது.

காற்புள்ளி போட்டேன், மூன்று இடத்தில்.
திரும்ப ஓட்டினேன்.
விடைகள் வரிசை கெட்டு வந்தன.
போன ஒழுங்கில் வெளியே வரும் பழக்கம்
அந்தப் பெட்டிக்கு இல்லை,
சிட்டி ஹால் ரயில் கதவு மாதிரி.
அடுக்கிப் பார்த்தேன்.

21,3,45: எல்லா மணியிலும் பூஜ்யம்.
திருமதி குவேக் ஈப்போவில்தான் இருந்திருக்கிறார்.

2,13,45: இரண்டு நாற்பது. அறுபது லிட்டர்.
கசிவென்றால் நாளெல்லாம் சொட்டும்.
இது பத்து நிமிடம் ஓடி நிற்கிறது.
யாரோ திறக்கிறார்கள், யாரோ மூடுகிறார்கள்.
ஷிஃப்ட் முடிந்து வந்து குளிப்பவரா,
நாசி லெமாக் கடைக்கு அரிசி களைபவரா.
ஞாயிறுகளில் இல்லை.
ஹரி ராயாவுக்கு மூன்று நாள் இல்லை.
மார்ச்சில் ஒரு புதன்கிழமை மட்டும்
நாலு மணிவரை ஓடியிருக்கிறது.

பிளாக் இருக்கிறது. மாடி, வீடு, மணி இருக்கிறது.
அந்தப் புதன்கிழமைக்கு என்னிடம் சாவி இல்லை.
இன்னொரு காற்புள்ளி போட்டுப்
பின்னால் எதை எழுதுவது?

விடாமல் ஓடினால் மட்டுமே கசிவு என்று
நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தேன்.
அந்த வீடும் பட்டியலிலிருந்து போனது.
ஈப்போவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்.
அருள்மாறனின் குறிப்பை அழிக்க மனம் வரவில்லை.
அதன் கீழே தேதி போட்டு எழுதினேன்:
இதுவும்.

மணி இரண்டு ஐம்பத்திரண்டு.
பதின்மூன்றாம் மாடியில்
இந்நேரம் குழாயை மூடியிருப்பார்கள்.